திருச்சியில் ஏறும் முன்பே பெல்ட்டைப் பழக்குங்கள்: சின்னப் பிள்ளையோடு எகானமியில் பறக்கிறவர்களுக்கு

காரைக்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் தடவை கிளம்புகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "பிளேன்ல அழுதா என்ன பண்றது?" அழட்டும். அழுகையால் யாருக்கும் காயம் ஆகாது, பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை உச்சுக்கொட்டுவார், அதோடு சரி. நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது, பிள்ளை பெல்ட் போட்டு உட்காருமா என்பதைப் பற்றித்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகளை யாரும் எதிலும் கட்டி வைப்பதில்லை. தூளியிலிருந்து இறங்கினால் இடுப்பு, இடுப்பிலிருந்து இறங்கினால் வளவில் தூணைச் சுற்றி ஓட்டம். காரில் போனாலும் முன் சீட்டு இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு வரும், இல்லை என்றால் ஐயா மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கும். இப்படி வளர்ந்த ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு வாழ்க்கையில் முதன்முதலாகப் பெல்ட் போடுகிற இடம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கிய விமானம் என்றால், அது திமிறாமல் என்ன செய்யும்? என் மகனோடு நான் முதலில் போனபோது நடந்தது அதுதான். இருபது மாதப் பிள்ளை, தனி சீட்டு இல்லாத மடி டிக்கெட். வில் மாதிரி முதுகை வளைத்துக்கொண்டு வழுகி வழுகிக் கீழே இறங்கப் பார்த்தான், நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வேர்த்துப் போனோம். அதற்கு அடுத்த பயணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே வேலையை ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் டிக்கெட்

பயணம் செய்கிற நாளில் இரண்டு வயது முடியாத பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பது கிட்டத்தட்ட எல்லா விமான நிறுவனங்களின் விதி. கவனியுங்கள், டிக்கெட் போடுகிற நாள் கணக்கில்லை, பறக்கிற நாள்தான் கணக்கு. போகும்போது 23 மாதம், அங்கே பிறந்த நாள் கொண்டாடிவிட்டுத் திரும்பும்போது இரண்டு முடிந்துவிட்டது என்றால், திரும்புகிற டிக்கெட்டில் பிள்ளைக்குத் தனி சீட்டு வேண்டும். இது தெரியாமல் கவுண்டரில் நின்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இரண்டு வயதுக்குள் இருக்கிறது, மடியே போதும்தானே என்றால், என் பதில்: காசு இருந்தால் சீட்டு வாங்குங்கள். மடியில் பிடித்துக்கொள்ளலாம் என்பது கட்டணத்துக்கான சலுகை, அது பாதுகாப்புக்குச் சொன்னது இல்லை. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ 321 விமானம் பர்மாவில் ஐராவதிப் படுகைக்கு மேலே 37,000 அடியில் பறந்தபோது திடீரென்று குலுங்கியது (நம் ஊர்ப் பாட்டன்மார் லேவாதேவிக்குப் போன அதே ஐராவதிதான்). 4.6 விநாடியில் 178 அடி இறங்கிவிட்டது. பெல்ட் போடாதவர்கள் சீட்டை விட்டு மேலே தூக்கி எறியப்பட்டார்கள். பலருக்குக் காயம், ஒருவர் இறந்தார். விசாரணையில் சொன்ன அளவு மைனஸ் ஒன்றரை ஜி. நம் கணக்கில் சொன்னால், மடியில் இருக்கிற 10 கிலோ பிள்ளையை யாரோ 15 கிலோ பலத்தோடு கூரையைப் பார்த்து இழுக்கிற மாதிரி, அதுவும் ஒரு விநாடிக்குள். எந்தத் தாய்க்கும் அந்த நேரத்தில் கை தாங்காது. இது பாசத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

இன்னொன்று பழையது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் சூ சிட்டி என்ற ஊரில் யுனைடெட் 232 விமானம் அவசரமாக இறங்கி உடைந்தபோது, அதில் மடிக் குழந்தைகள் நான்கு பேர் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு குழந்தை இறந்துபோனது. தரையில் வைக்கச் சொல்ல வேண்டியிருந்த தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், பிள்ளைகளுக்குத் தனி சீட்டு கட்டாயமாக வேண்டும் என்று அப்புறம் பல வருஷம் போராடினார். ஆனாலும் அமெரிக்காவில் இன்றைக்கும் மடி அனுமதிதான். சீட்டு வாங்கச் சொன்னால் செலவுக்குப் பயந்து ஜனங்கள் காரில் கிளம்புவார்கள், சாலையில் இன்னும் அதிகம் பேர் சாவார்கள் என்பது அவர்கள் சொல்கிற காரணம். அந்த ஊருக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். காரைக்குடியிலிருந்து சிங்கப்பூருக்கு யாரும் காரில் போகப் போவதில்லை.

சீட்டு வாங்கினால் எதில் உட்கார வைப்பது? மூன்று வழி. உங்களிடம் இருக்கிற கார் சீட்டில் விமானத்துக்கும் ஏற்றது என்று முத்திரை இருந்தால் அதையே கொண்டுபோகலாம். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் சிவப்பு எழுத்தில் அந்த வரி ஒட்டியிருக்கும். அகலம் 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான எகானமி சீட்டில் உட்காரும். அதை ஜன்னலோரம்தான் கட்டுவார்கள், மற்றவர்கள் வெளியேறுகிற வழியை அது மறிக்கக் கூடாது. இரண்டாவது, கேர்ஸ் என்று ஒரு வார்ப்பட்டை. விமான சீட்டின் முதுகைச் சுற்றி மாட்டி, பிள்ளையின் இரண்டு தோளுக்கும் பட்டை வருகிற மாதிரி செய்தது, கைப்பையில் சுருட்டி வைத்துவிடலாம். 10 முதல் 20 கிலோ எடையும் 100 சென்டிமீட்டருக்குள் உயரமும் உள்ள, தானாக நிமிர்ந்து உட்காருகிற பிள்ளைக்கு. எனக்குப் பிடித்தது இதுதான், கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைய முதுகு கொடுக்காது. மூன்றாவது, எதுவும் இல்லாமல் விமானத்தின் இடுப்புப் பெல்ட் மட்டும். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு விதி அதோடு விட்டுவிடுகிறது, மடியை விட அது எவ்வளவோ மேல்.

எதைக் கொண்டுபோவதாக இருந்தாலும் முன்கூட்டியே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்சடித்துப் பையில் வையுங்கள். தொலைபேசியில் சரி என்று சொன்னவரும் வாசலில் நிற்கிறவரும் ஒரே ஆள் இல்லை. காருக்கு விற்கிற, உட்காரும் உயரத்தை மட்டும் கூட்டுகிற வெறும் பூஸ்டர் சீட்டு இங்கே உதவாது, ஏறும்போதும் இறங்கும்போதும் அதை அனுமதிக்க மாட்டார்கள்.

எல்லாரையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு, அதே பிஎன்ஆரில் வரும் தாய் தகப்பனில் ஒருவர் பக்கத்திலாவது இடம் கொடுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்தை மேற்பார்க்கிற டிஜிசிஏ நம் நாட்டு நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் என்றால் காசு கொடுத்தாவது இடத்தை முன்னாலேயே பிடித்துவிடுங்கள். பிள்ளை ஜன்னலோரம், அடுத்து நீங்கள். நடைபாதை ஓரத்தில் பிள்ளையை வைக்காதீர்கள், தள்ளுவண்டி போகும்போது கை வெளியே நீளும், சூடான காப்பி அதன் தலைக்கு மேலேதான் கைமாறும். இறக்கை பக்கத்து வரிசைகளில் குலுக்கல் கொஞ்சம் குறைவு. மடிக் குழந்தையோடு இரண்டு குடும்பம் ஒரே மூன்று சீட்டு வரிசையில் உட்கார முடியாது, கூடுதல் ஆக்சிஜன் முகமூடி அங்கே பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். சுவரில் மாட்டுகிற தொட்டில் பற்றிச் சொல்வார்கள், நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அது பெரும்பாலும் பத்தாது, மலிவுக் கட்டண விமானங்களில் கிடைப்பதும் அபூர்வம். அதை மறந்துவிடுங்கள்.

பாஸ்போர்ட், விசா வேலையை நீட்டிச் சொல்லவில்லை. மடிக் குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும், சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்கும் போகும் முன் ஆன்லைனில் போடுகிற வருகை அட்டையைப் பிள்ளை பேரிலும் போட வேண்டும்.

ஒரு மாதம் முன்னால், வீட்டில்

இதுதான் முக்கியம். விமானத்தில் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, அதை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும்.

காரிலிருந்து ஆரம்பியுங்கள். தேவகோட்டைக்குப் போனாலும் சரி, பிள்ளையார்பட்டிக்குப் போனாலும் சரி, பத்து நிமிஷப் பயணமானாலும் பிள்ளை அதனுடைய சீட்டில், பெல்ட்டோடு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம், அது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. முதல் மூன்று நாள் ரகளை நடக்கும். என் மாமியார் பார்த்துவிட்டு, "ஏத்தா, கன்னுக்குட்டியக் கட்டுற மாதிரி பிள்ளையக் கட்டுறியே" என்றார்கள். "கன்னுக்குட்டி ஓடிப் போனாத் தேடிப் பிடிக்கலாம் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கட்டினேன். ஒரு விதி மட்டும்: பெல்ட் போடாமல் வண்டி நகராது. அழுதால் வண்டி நிற்கும், திட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, சும்மா நிற்க வேண்டும். நாலாம் நாள் அதுவாகவே பட்டையை இழுத்துக் கொடுக்கும்.

அப்புறம் திண்ணை விளையாட்டு. திண்ணையில் தலகாணிகளை வரிசையாக வைத்து, ஒரு பழைய இடுப்புப் பெல்ட்டால் பிள்ளையையும் அதன் பொம்மையையும் கட்டி, நீங்கள் பணிப்பெண், அப்பத்தா பயணி, மாமா பைலட். பறக்கும்போது கை விரிக்கலாம், மணி அடித்தால் பெல்ட். ஒரு மணியோ டம்ளரில் கரண்டியோ வைத்து டிங் என்று தட்டுங்கள், அந்தச் சத்தத்துக்கும் பெல்ட்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது, விமானத்தில் பெல்ட் விளக்கு எரியும்போது அதே டிங்தான் வரும். என் மகன் இன்றைக்கும் அந்தச் சத்தத்துக்கு இடுப்பைத் தொட்டுப் பார்ப்பான்.

விமானப் பெல்ட்டின் கொக்கி கார் மாதிரி அமுக்குவது இல்லை, மேல் மூடியைத் தூக்கினால் கழன்றுவிடும். இரண்டரை வயசுப் பிள்ளைக்கு அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும். சிலர் கொக்கியைத் திருப்பி வயிற்றுப் பக்கம் வைத்துவிடுகிறார்கள், நான் செய்வதில்லை. அவசரத்தில் அதைக் கழற்றப் போவது நீங்களாகவும் இருக்கலாம், முகம் தெரியாத யாரோவாகவும் இருக்கலாம், கொக்கி வழக்கமான இடத்தில் இருக்க வேண்டும். "அதை அம்மாதான் திறப்பா" என்று திண்ணையிலேயே சொல்லிப் பழக்குவதுதான் வழி.

கிளம்பும் நாள்

நம் பக்கத்துக்கு ஒரு வசதி, திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாகப் போனால் ஊருக்குள் நுழையாமலே வந்துவிடும். மதுரை என்றால் நிலையம் ஊருக்குத் தென்புறம், காரைக்குடியிலிருந்து போகிறவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வதேசப் பயணம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால். பிள்ளையைக் காரில் தூங்க விடலாமா? ராத்திரி விமானம் என்றால் விடாதீர்கள், அந்தத் தூக்கத்தை விமானத்துக்கு மிச்சம் வையுங்கள். தூங்கப் பண்ண இருமல் மருந்து, சளி மருந்து கொடுக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, டாக்டர் சொல்லாமல் அதைச் செய்யவே செய்யாதீர்கள். சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதிலாகத் துள்ளலைக் கொடுக்கும், சின்னதுகளுக்கு ஆபத்தும் கூட.

சாப்பாட்டு மூட்டை. வழியனுப்ப வந்த சொந்தம் எல்லாம் தூக்குச்சட்டியோடு நிற்கும், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சீடை, தேன்குழல், முறுக்கு, கடலை எல்லாம் பெரியவர்களுக்கு. நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் குலுங்குகிற இடத்தில் உருண்டையாக, கடினமாக எதுவும் வாயில் போகக் கூடாது, தொண்டையில் அடைத்தால் 35,000 அடியில் ஆஸ்பத்திரி இல்லை. மாவுருண்டையும் வேண்டாம், பொடி மூச்சில் ஏறிப் புரையேறும். வெள்ளைப் பணியாரம், இட்லித் துண்டு, வாழைப்பழம், இது போதும். திரவம் 100 மில்லிக்கு மேல் கையில் கொண்டுபோகக் கூடாது என்ற விதியில் பிள்ளைக்கான பாலுக்கும் மருந்துக்கும் தேவையான அளவு விலக்கு உண்டு, சோதனையில் தனியாக எடுத்துக் காட்டிவிடுங்கள். மருமகளுக்கென்று கொடுத்த ஊறுகாய்க்கு அந்த விலக்கு கிடையாது.

கைப்பையில் பிள்ளைக்கு இரண்டு மாற்றுடை, உங்களுக்கு ஒரு மேல்சட்டை. வாந்தி எடுத்தால் அது உங்கள் மேலேதான் எடுக்கும். அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையில் ஒரு துண்டு, அந்த வாசனைக்கே பாதிப் பிள்ளைகள் அடங்கும். ஒரு குட்டி ஓலைக் கொட்டானில் ஐந்தாறு சின்னச் சாமான்: ஒட்டுப் படம், மரச்சொப்பு, வீட்டில் இதுவரை பார்க்காத ஒரு பொம்மைக் கார். முக்கால் மணிக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுங்கள், எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டிவிட்டால் புதுக்கோட்டை தாண்டுவதற்குள் சரக்கு தீர்ந்த மாதிரிதான்.

ஏறுவதும் பறப்பதும்

பிள்ளைக்காரர்கள் முதலில் வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் ஒருவர் மட்டும் மூட்டையோடு முதலில் போய், கேர்ஸ் பட்டையை மாட்டி, மேசையைத் துடைத்து வைக்கட்டும். இன்னொருவர் பிள்ளையைக் கடைசி அழைப்பு வரை வெளியே ஓட விட்டு, டயப்பரை மாற்றிக்கொண்டு வரட்டும். உள்ளே பெல்ட்டோடு காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பிள்ளையின் பொறுமையிலிருந்து கழிவதுதான்.

தனி சீட்டு என்றால் பெல்ட் வயிற்றில் இல்லை, அதற்குக் கீழே, இடுப்பெலும்பில் தொடையை ஒட்டி, இறுக்கமாக. முதுகு சீட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். போர்வை போர்த்தினால் பெல்ட் போர்வைக்கு மேலே, அப்போதுதான் பணிப்பெண் எழுப்பாமல் பார்த்துவிட்டுப் போவார்.

மடி என்றால் நம் பக்கத்து விமானங்களில் உங்கள் பெல்ட்டில் கோத்துப் போடுகிற சின்னக் கூடுதல் பெல்ட் ஒன்று தருவார்கள், தராவிட்டால் கேளுங்கள். அமெரிக்காவில் ஓடும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும் அதற்கு அனுமதி இல்லை, மோதலில் அது பிள்ளை வயிற்றை அறுக்கும் என்பது அவர்கள் கட்சி. குலுக்கலில் பிள்ளை பறக்காமல் காப்பது அதுதான் என்பது மற்றவர்கள் கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது, அதனால்தான் தனி சீட்டு என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். ஒன்று மட்டும் செய்யவே கூடாது: உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டுவது. விமானம் சட்டென்று நின்றால் உங்கள் முழு எடையும் பெல்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற பிள்ளை மேல்தான் விழும். நெஞ்சில் கட்டித் தூக்குகிற துணிப்பையையும் ஏறும்போது, இறங்கும்போது அவிழ்க்கச் சொல்வார்கள், மல்லுக்கு நிற்காதீர்கள்.

ஓடுபாதையில் கத்தினால்? கத்தட்டும். கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே மெதுவாக, திண்ணையில் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லுங்கள். "அஞ்சு நிமிஷம் தூக்கிக்கிறேன்" என்று பெல்ட்டைக் கழற்றினால் அடுத்த நாலு மணி நேரத்துக்கும் கத்தினால் கழலும் என்று அது கற்றுக்கொள்ளும். மேலே போய் விளக்கு அணைந்ததும் நடைபாதையில் ஒரு சுற்று நடக்க விடுங்கள், அதற்கும் முன்பே சொல்லி வையுங்கள். திரும்ப உட்கார்ந்ததும் விளக்கு இல்லாவிட்டாலும் பெல்ட்தான். முன் சீட்டை உதைக்கிறதா, செருப்பைக் கழற்றிவிடுங்கள், வெறுங்கால் உதை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. இறங்கும் முன் திரும்பப் போட்டுவிடுங்கள்.

காது வலி ஏறும்போதை விட இறங்கும்போதுதான் அதிகம். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே விமானம் தாழ ஆரம்பித்துவிடும், அப்போதிலிருந்து மடக்கு மடக்காகத் தண்ணீரோ பாலோ கொடுங்கள், விழுங்கினால் காது திறக்கும். நல்ல தூக்கத்தில் இருந்தாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுப்புங்கள், தூங்குகிற பிள்ளை அடிக்கடி விழுங்காது. சளி முற்றியிருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, அப்புறம் பிள்ளைக்கு. மாற்றிச் செய்யத்தான் கை போகும், ஆனால் நீங்கள் மயங்கிவிட்டால் பிள்ளைக்கு மாட்டிவிட ஆள் இல்லை. மடிக் குழந்தைக்கு உயிர்காப்பு அங்கி தனி, அது எங்கே இருக்கிறது என்று ஏறியதும் பணிப்பெண்ணிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தரையிறங்கியதும் எல்லாரும் எழுந்து பெட்டியை இழுப்பார்கள். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், மேலிருந்து பை விழுகிற நேரம் அது. வண்டி நின்று, விளக்கு அணைந்து, கூட்டம் குறைந்த பிறகு பிள்ளையிடமே சொல்லுங்கள், "இப்ப நீயே திற." எங்கள் வீட்டில் கொக்கியைத் தூக்க அவனுக்கு அனுமதி கிடைக்கிற ஒரே நேரம் அதுதான், அதற்காகவே பயணம் முழுக்கக் காத்திருப்பான்.